பழைய வால்வுக்குள் புது வால்வு!

தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் அண்ணாச்சி நின்றுவிட்டார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சாயங்கால நேரம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

"தம்பி, நீங்க போங்க. நான் பைய வாரேன்" என்றார். முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

இது நடந்தது 2024-ம் ஆண்டு ஆடி மாதம். அண்ணாச்சிக்கு அப்போது வயது 67. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பார்சல் ஆபீஸில் எனக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்றவர். வே பில் எழுத எனக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்.

2009-ல் அவருக்கு இருதய வால்வு மாற்றும் ஆபரேஷன் நடந்தது. மார்பெலும்பை நடுவே பிளந்து செய்த ஆபரேஷன். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஒரு குறையும் இல்லை. வேலைக்கு வந்தார். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க் கொடைக்குப் போய் வந்தார். செக்கப்புக்குப் போவதை மட்டும் நான்காவது வருஷத்தோடு நிறுத்திவிட்டார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு லீவு போடணும்?" என்பது அவர் வாதம்.

அந்த வால்வுதான் இப்போது கெட்டுப் போயிருந்தது.

இப்படிப்பட்டவர்கள் மும்பைத் தமிழர்களில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டாம் தடவை மார்பைப் பிளக்காமலே புது வால்வு வைக்க ஒரு வழி வந்திருக்கிறது. எல்லோருக்கும் அல்ல. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பது பாதிக்கு மேல் முதல் ஆபரேஷன் அன்றே முடிவாகி விடுகிறது. அது தெரியாமல் நம் ஜனங்கள் அலைகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை

இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறுகிற வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. மூன்று இதழ்கள் கொண்ட கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருதயம் சுருங்கும்போது திறக்கும். விரியும்போது மூடிக்கொள்ளும். வெளியே போன ரத்தம் திரும்பி வரக் கூடாது. அதுதான் அதன் வேலை. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று கணக்குப் போட்டாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது.

நல்ல வால்வு திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் கடுமையான அடைப்பு என்கிறார்கள் டாக்டர்கள். மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்கும். சிலர் மயங்கி விழுவார்கள்.

வயதானவர்களுக்கு வால்வில் சுண்ணாம்பு படிவதால் இது வரும். நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண் வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகப் படுக்கும் பிள்ளைகளுக்கு, அந்த நோய் இருதய வால்வையும் தாக்குகிறது. ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடங்களில் இது எளிதில் பரவும். அண்ணாச்சிக்கும் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது முழங்கால் வீங்கி ஒரு மாதம் படுத்த ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று பல வருஷம் போட்டு வந்தால் மேற்கொண்டு கெடாமல் காப்பாற்றலாம். அண்ணாச்சிக்கு யாரும் போடவில்லை.

இரண்டு ஜாதி வால்வு

கெட்ட வால்வை எடுத்துவிட்டு வைக்கும் வால்வு இரண்டு வகை.

ஒன்று உலோக வால்வு. நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இதில் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் பல வருஷம் பாடுபட்டு ஒரு வால்வு உண்டாக்கினார்கள். உலோகக் கூட்டுக்குள் பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து திறக்கும் வால்வு அது. முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தியது 1990 டிசம்பர் 6-ல். சென்னையின் டி.டி.கே. கம்பெனி அதைச் செய்து விற்றது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு என்பதால் ஏழைகள் பலர் அதனால் பிழைத்தார்கள்.

இன்னொன்று திசு வால்வு. பன்றியின் வால்வை, அல்லது மாட்டின் இருதயத்தைச் சுற்றியுள்ள சவ்வை, ரசாயனத்தில் பதப்படுத்திச் செய்வது. இதற்கு ஆயுள் முழுக்க ரத்தம் இளக்கும் மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடும். கிழிந்துபோகலாம், அல்லது சுண்ணாம்பு ஏறி இறுகலாம். வயது குறைந்தவர்களுக்குச் சீக்கிரம் கெடும். (மாடா, பன்றியா என்பது சில வீடுகளில் பெரிய கேள்வி. ஆபரேஷனுக்கு முன்பே தயங்காமல் டாக்டரிடம் கேட்டுவிடலாம்.)

பிள்ளை பெற வேண்டிய வயதில் உள்ள பெண்களுக்குத் திசு வால்வு வைப்பதுண்டு. ரத்தம் இளக்கும் மாத்திரை கருவில் உள்ள குழந்தைக்குக் கெடுதல் செய்யலாம் என்பதால். அண்ணாச்சிக்கு வேறு காரணம். 52 வயதில் அவருக்கு வயிற்றுப் புண். இரண்டு தடவை ரத்த வாந்தி எடுத்தவர். "இவருக்கு அந்த மாத்திரை ஆகாது" என்று அன்றைக்கு டாக்டர் திசு வால்வு வைத்தார். நல்ல முடிவுதான். அது ஒருநாள் தேயும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். நம் காதில் அது விழவில்லை.

சீட்டு எங்கே?

மேம்பாலத்துச் சம்பவத்துக்கு மறு வாரம் எக்கோ எடுத்தார்கள். பழைய வால்வு சுருங்கி, ஊசித் துவாரம் போல வழி விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எந்தக் கம்பெனி வால்வு? என்ன அளவு?"

அண்ணாச்சி பதில் சொன்னார்: "பெரிய டாக்டர்தான் வச்சாரு சார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கூடை மாம்பழம் புக் செய்தாலும் மார்க்கு, எடை, நம்பர் என்று மூன்று பிரதி எழுதுகிற ஆட்கள் நாங்கள். நெஞ்சுக்குள் வைத்த சாமானுக்கு நம்பர் தெரியவில்லை!

ஆபரேஷன் முடிந்து வரும்போது வால்வின் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய சிறு அட்டை ஒன்று கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அந்த விவரம் இருக்கும். பதினைந்து வருஷத்தில் அண்ணாச்சி மூன்று வீடு மாறியிருந்தார். பழைய ஆஸ்பத்திரியில் அந்த வருஷத்துக் காகிதம் கிடைக்கவில்லை. மதினி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். ரேஷன் கார்டு, மகளின் ஜாதகம், எல்லாம் கிடைத்தது. அது மட்டும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து ஊரிலிருந்து தம்பி மகன் செல்போனில் படம் அனுப்பினான். அட்டை ஊர் வீட்டுப் பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஓரம் பூச்சி அரித்திருந்தாலும் எண் தெரிந்தது. அளவு 21.

அட்டை கிடைக்காவிட்டால் வழியே இல்லையா? அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனி வால்வின் வளையமும் எக்ஸ்ரேயில் ஒவ்வொரு மாதிரி தெரியும். சி.டி. ஸ்கேனில் உள் அளவை எடுக்கலாம். ஆனாலும் அட்டை இருந்தால் டாக்டருக்கு யூகம் தேவையில்லை. 21 என்று எழுதியிருந்தாலும் உள்ளே உள்ள துவாரம் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புது வால்வின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கசாப்புக் கடையில் பிறந்த யோசனை

மார்பைத் திறக்காமல் வால்வு வைக்கும் யோசனை டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற இளம் டாக்டருக்கு 1989-ல் வந்தது. அமெரிக்காவில் ஒரு மாநாட்டில், சுருங்கிய ரத்தக் குழாயைக் கம்பிவலைக் குழாய் வைத்து விரிப்பது பற்றிப் பேச்சுக் கேட்டார். அந்தக் குழாயைப் பெரிதாக்கி, உள்ளே வால்வைத் தைத்துவிட்டால் என்ன என்று நினைத்தார். ஊர் திரும்பியதும் கசாப்புக் கடையில் பன்றி இருதயம் வாங்கி, கம்பியை வளைத்து, தன் கையாலேயே செய்தார். அதே வருஷம் மே தினத்தன்று ஒரு பன்றிக்கு அதைப் பொருத்தியும் காட்டினார். அவர் கட்டுரையை வெளியிடக்கூட முதலில் ஆள் இல்லை.

மனிதருக்கு முதலில் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு ரூவான் நகரத்து டாக்டர் அலென் கிரிபியே. 2002 ஏப்ரல் 16-ல், சாகக் கிடந்த 57 வயதுக்காரர் ஒருவருக்கு. மற்ற டாக்டர்கள் கைவிட்ட கேஸ் அது. வால்வு வேலை செய்தது. அந்த நோயாளி சில மாதங்களில் வேறு கோளாறால் இறந்துபோனார். ஆனால் வழி திறந்துவிட்டது. கிரிபியே 2024 பிப்ரவரியில் காலமானார்.

இந்த முறைக்கு டாவி என்று சுருக்கப் பெயர். முதலில் ஆபரேஷனே ஆகாத தள்ளாத வயதுக்காரர்களுக்கு, அவர்களுடைய சொந்த வால்வு கெட்டபோது செய்தார்கள். பிறகு, ஏற்கெனவே ஆபரேஷனில் வைத்த திசு வால்வு கெட்டால் அதற்குள்ளும் வைக்கலாமே என்று 2007 முதல் செய்து பார்த்தார்கள். அமெரிக்க அரசு 2015-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. "வால்வுக்குள் வால்வு" என்றே இதைச் சொல்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

அண்ணாச்சிக்குச் செய்ததையே சொல்கிறேன். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். லேசான மயக்கம். டாக்டர்கள் பேசியது தனக்குக் கேட்டதாக அண்ணாச்சி சொன்னார். தொடை ரத்தக் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அது வழியாக இருதயம் வரை போனார்கள். மாட்டுச் சவ்வில் செய்த புது வால்வைப் பலூன் மேல் இறுக்கிச் சுருக்கி, பேனா கனத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது பழைய வால்வின் நடுவில் போய் நின்றதும், மின்சாரம் கொடுத்து இருதயத்தை நிமிஷத்துக்கு 180-க்கு மேல் துடிக்க வைத்தார்கள். அந்தச் சில விநாடிகள் இருதயம் நடுங்குமே தவிர ரத்தத்தை வேகமாகத் தள்ளாது, வால்வு நகராது. பலூனை ஊதினார்கள். புது வால்வு விரிந்து பழைய வளையத்தில் இறுக்கமாக உட்கார்ந்தது. பலூனைச் சுருக்கி வெளியே எடுத்தார்கள். பழைய வால்வின் இதழ்கள் ஓரத்துக்கு ஒதுங்கி நசுங்கி அங்கேயே கிடக்கும்.

பழைய வளையம் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. எக்ஸ்ரே திரையில் அது நன்றாகத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அடையாளம் காட்டும். பக்கவாட்டில் கசிவதும், பின்னால் பேஸ்மேக்கர் வைக்க நேர்வதும் சொந்த வால்வில் செய்வதைவிடக் குறைவு.

அண்ணாச்சி நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். 2009-ல் அவர் மூன்று வாரம் படுத்திருந்தார்.

ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2014-ல் வெளியான ஒரு கணக்கில், பல நாடுகளில் இப்படிச் செய்துகொண்ட 459 பேரில் முதல் மாதத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 7.6 பேர். ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 83 பேர். பெரும்பாலும் முதியவர்கள், மறு ஆபரேஷனுக்குத் தாங்காதவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2017-ல் வந்த இன்னொரு கணக்கில், 365 பேரில் முதல் மாதத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 2.7 ஆகக் குறைந்திருந்தது. கருவியும் கைப்பழக்கமும் முன்னேறியது ஒரு காரணம். மிகச் சிறிய வால்வு வைத்திருந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால் சிறிய வால்வுதான் இதில் தொல்லை. குழாய்க்குள் குழாய் செருகினால் துவாரம் குறையுமா, குறையாதா? 21-ம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குப் பலன் மட்டாகத்தான் இருக்கிறது. சில கம்பெனிகளின் பழைய வளையத்தை அழுத்தமான பலூனால் உடைத்து இடம் உண்டாக்குகிறார்கள். எல்லா வளையமும் உடையாது. இன்னொரு ஆபத்து, ஒதுங்குகிற பழைய இதழ் இருதயத்துக்கே ரத்தம் தரும் குழாயின் வாயை அடைத்துவிடுவது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நேரக்கூடியது. நேர்ந்தால் உயிருக்கே மோசம். முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அண்ணாச்சி விஷயத்தில் சர்ஜனும் கதீட்டர் டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். மறுபடி மார்பைத் திறந்தால் வாசலை அகலப்படுத்திப் பெரிய வால்வே வைக்கலாம். 50 வயது என்றால் அதைத்தான் செய்திருப்பேன் என்று சர்ஜன் சொன்னார். ஆனால் ஒரு தடவை பிளந்த மார்பில் இருதயம் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரம்பம் வைக்கும்போதே ஆபத்து. அண்ணாச்சிக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீரகமும் அரை குறை. கதீட்டர் வழியே போதும் என்று தீர்மானித்தார்கள்.

இட்லிக்கார அக்காவுக்கு ஆகாது

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு அக்கா. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, வீட்டுக்காரர் தலையில் தூக்கிப் போய் விற்கிற குடும்பம். அவருக்கு உலோக வால்வு. அண்ணாச்சி கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கும் அப்படித் தொடை வழியா மாத்திரலாமா? இந்த மாத்திரைச் சனியன் விட்டுப் போகுமே" என்று கேட்டார்.

முடியாது. உலோக வால்வுக்குள் இன்னொரு வால்வு போகாது. திசு இதழ் ஒதுங்கிக் கொடுக்கும். உலோகத் தட்டு ஒதுங்காது. உலோக வால்வில் கோளாறு வந்தால் கட்டி கரைக்கும் மருந்து, இல்லாவிட்டால் மறு ஆபரேஷன்தான்.

அந்த அக்கா 2022-ல் ஊர்க் கொடைக்குப் போனபோது மாத்திரை தீர்ந்துவிட்டது. எட்டு நாள் சாப்பிடவில்லை. ராத்திரி அமைதியில் தன் நெஞ்சில் கேட்கும் டிக் டிக் சத்தம் மங்கிவிட்டது என்று அவரேதான் முதலில் கவனித்தார். வால்வில் ரத்தம் உறைந்திருந்தது. மருந்து ஏற்றிக் கரைத்தார்கள்; பிழைத்தார். இப்போது ஊருக்குக் கிளம்பினால் டிக்கெட்டுக்கு முன்னால் மாத்திரை. கீரையை ஒரு நாள் கட்டுக் கட்டாகச் சாப்பிட்டு மறு வாரம் தொடாமல் இருக்கக் கூடாது, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டார். மாத்திரையின் வேகம் அதில் மாறுகிறதாம்.

அவருக்கு உலோக வால்வு வைத்தது தவறா? இல்லை. 30 வயதில் திசு வால்வு வைத்திருந்தால் இதற்குள் இரண்டாவது வால்வும் தேய்ந்திருக்கும். கதீட்டர் வந்துவிட்டது என்பதற்காக வயது குறைந்தவர்களெல்லாம் திசு வால்வே போதும் என்று கிளம்புவதும் சரியல்ல. ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை தடவை செருக முடியும்?

வாப்பியில் செய்கிறார்கள்

இந்த வால்வு நம் நாட்டிலேயே தயாராகிறது. மும்பையிலிருந்து சூரத் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகும் வாப்பியில் மெரில் என்ற கம்பெனி செய்யும் மைவால் என்ற வால்வுக்கு 2018-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. சாதாரணமாக மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் வருகிற அளவுகளுக்கு நடுவில், 21.5, 24.5 என்ற அளவுகளிலும் இதைச் செய்கிறார்கள். 768 பேரை வைத்து வெளிநாட்டு வால்வுகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி 2024-ல் வந்தது. அவற்றுக்கு இது குறைந்ததல்ல என்று அதில் தெரிந்தது. சொந்த வால்வு கெட்டவர்களிடம் செய்த ஆராய்ச்சி அது.

ஆனாலும் பணம்? பத்து லட்ச ரூபாய்க்குக் குறைந்து இது முடிவது அபூர்வம். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் மருத்துவச் சலுகை, கொஞ்சம் மகள்களின் நகை, மீதி ஊரில் அரை ஏக்கர் நிலம். நம்மில் பாதிப் பேருக்கு அந்த அரை ஏக்கரும் கிடையாது. இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள், ஆபீஸ் மருத்துவ வசதி உள்ளவர்கள், இந்தச் சிகிச்சை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வாயால் சொன்னதை நம்பிப் படுத்துவிடாதீர்கள்.

வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அந்த அட்டையைத் தேடுங்கள். கிடைத்தால் படம் எடுத்துப் பிள்ளைகள் போனிலும் போட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கு, உள்நோயாளி எண், தேதி குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். வருஷம் ஆக ஆகக் காகிதம் கிடைப்பது கஷ்டம். திசு வால்வுக்காரர்கள் நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். பல் பிடுங்கப் போனால், "எனக்கு வால்வு ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறிவிடும். புது ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: "இது தேய்ந்தால் அடுத்த வழி என்ன? இந்த அளவுக்குள் இன்னொன்று போகுமா?" டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் அண்ணாச்சியும் நானும் அதே தாதர் மேம்பாலம் ஏறினோம். நிற்காமல் ஏறினார். மேலே போனதும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. 21-க்குள் வைத்தது அவ்வளவுதான் வேலை செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். பழைய அட்டை, புது அட்டை, இரண்டும் உள்ளே. பின்பக்கம் மதினியின் கையெழுத்தில் அடுத்த எக்கோ தேதி.

"மனப்பாடமாத் தெரியும், கேளுங்க தம்பி" என்றார். கேட்டேன். கம்பெனி, அளவு, வரிசை எண், மூன்றையும் தட்டாமல் சொன்னார்.